படித்தால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசாதீர்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினேன். ஒரு கதைப் புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் ஐஸ்கிரீம். முதல் வாரம் வீடு நூலகம் மாதிரி அமைதியாக இருந்தது. இரண்டாவது வாரம்தான் கவனித்தேன், அவள் எடுப்பதெல்லாம் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகம், பக்கத்துக்கு நாலு வரி, மீதி படம். அதற்கு முன்னால், தலையணை தடிமனுக்கு ஒரு கதைத் தொகுப்பை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை ஆறவிடுகிற பிள்ளை அவள்!

இது என் வீட்டுக் கூத்து மட்டுமில்லை. உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், தாமாகவே ஆசைப்பட்டு ஸ்கெட்ச் பேனாவால் வரைகிற பிள்ளைகளைப் பிடித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்ததும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, முதல் குழு வரைந்த நேரம் மற்ற இரண்டு குழுக்களின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை, கவனியுங்கள். கெடுப்பது பரிசு இல்லை, முன்கூட்டிப் பேசுகிற பேரம்.

ஆகவே முதலில், அந்த வேலையில் பிள்ளைக்கு ஏற்கனவே ஆசை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையை வைக்காதீர்கள். பல் தேய்ப்பது, பை அடுக்குவது மாதிரி யாருக்கும் பிடிக்காத சமாச்சாரத்துக்குச் சின்ன லஞ்சம் கொடுத்தால் ஒன்றும் குடிமுழுகாது, நானும் கொடுக்கிறேன்.

அப்புறம், தேர்வை அவர்களிடம் விடுங்கள், அதுவும் நிஜமான தேர்வாக. "குளித்துவிட்டுப் படிக்கிறாயா, படித்துவிட்டுக் குளிக்கிறாயா?" என்பதே போதும். காமிக்ஸ் எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள், அது மாமியார்களுக்கும் பொருந்தும்.

பாராட்டில்தான் நாம் நிறையச் சொதப்புகிறோம். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டு வாங்கிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், அடுத்து சுலபமான புதிர்களின் பக்கமே அதிகம் சாய்ந்தார்கள். உழைப்பைச் சொல்லிப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர், தப்பானாலும் பரவாயில்லை, புதிதாகக் கற்றுக்கொள்ள முடிகிற புதிர்களைக் கேட்டார்கள். முதல் வகைப் பிள்ளைகளுக்குப் புத்திசாலி என்கிற பெயர் கெட்டுவிடுமே என்கிற பயம்தான். எனவே 'சமத்து' என்பதை விட்டுவிட்டு, "கதையில் அந்த நரி ஏன் திரும்பி வந்தது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, போனைப் பார்க்காமல் பதிலைக் கேட்கவும் வேண்டும்.

ஏற்கனவே அட்டவணை ஒட்டியாயிற்றா? சேர்ந்த ஸ்டாருக்கு உரியதைக் கொடுத்துவிட்டு, இனி இது வேண்டாம் என்று சொல்லிக் கழற்றுங்கள். கொஞ்ச நாள் ஒரு புத்தகமும் தொடமாட்டார்கள், எங்கள் வீட்டில் மூன்று வாரம் ஆனது. அந்த நேரத்தில் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் எதையாவது படியுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம்.

அலுவலகத்தில் கதை கொஞ்சம் வேறு. சம்பளம் நியாயமாக இல்லாமல் 'ஆர்வத்தோடு செய்யுங்கள்' என்றால் யாரும் சிரிப்பார்கள். அது சரியாக இருந்தால், உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் இந்த வேலை எதற்கு, யாருக்குப் பயன்படும் என்று சொல்லுங்கள், எப்படிச் செய்வது என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். மணிக்கொரு தடவை 'முடிந்ததா' என்று மெசேஜ் அனுப்பாதீர்கள்.

நமக்கும் இதேதான். காலடி எண்ணும் வாட்ச் ஒன்று வாங்கினேன். பத்தாயிரம் ஆகவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் வட்டமடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, காலையில் மார்க்கெட் வழியாகச் சுற்றி நடந்து கீரை வாங்கிக்கொண்டு வருகிறேன்.