பார்ட்னராகத் தொழில் தொடங்கும் நம்மவர்களுக்கு: ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை கம்பெனிக் கணக்கில் ஏற்றுங்கள்

அமெரிக்காவுக்கு வந்து கொஞ்ச காலத்திலேயே இரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு எல்எல்சி (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கம்பெனி) ஆரம்பிப்பது இப்போது சகஜமாகிவிட்டது. கேட்டரிங், இட்லி மாவு, ஐடி கன்சல்டிங், டியூஷன் சென்டர் என்று நியூஜெர்சியில் எடிசன், ஐசலின் பக்கம் எங்கே திரும்பினாலும் நம் ஆட்கள் நடத்தும் தொழில் ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் வருஷா வருஷம் யாராவது ஒருவர் பணத்தை இழக்கிறார். சொந்தக் கையிலிருந்து கட்டும் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை வரியில் கழிப்பதுதான் அது. போன வருடம் என் நெருங்கிய நண்பருக்கும் இதுவே நடந்தது, அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சேர்ந்து எல்எல்சி தொடங்கி வேறு வகையில் வரி கட்டுகிறோம் என்று பதிவு செய்யவில்லை என்றால், ஐஆர்எஸ் என்ற மத்திய வரித்துறையின் கண்ணில் அது பார்ட்னர்ஷிப். ஊரில் பிரைவேட் லிமிடெட் நடத்தி டைரக்டராகச் சம்பளம் எடுத்த பழக்கத்தில் இங்கேயும் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், பார்ட்னருக்கு டபிள்யூ-2 கிடையாது. கம்பெனி ஃபார்ம் 1065 என்ற தன் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும், உங்கள் பங்கு கே-1 என்ற தாளில் வரும், அதை வைத்து நீங்கள் உங்கள் சொந்த வரிக்கணக்கான 1040 போடுவீர்கள். 1065-க்கு மார்ச் 15, 1040-க்கு ஏப்ரல் 15. 1065 தாமதமானால் அபராதம் பார்ட்னர் தலைக்கு, மாதத்துக்கு என்று ஏறும், 2024-ஆம் ஆண்டுக் கணக்குக்கு அது 245 டாலர். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் சொந்தக் கம்பெனியில் இறங்கி வேலை செய்வது தனிச் சிக்கல், அதை வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டோ எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதியோ உள்ளவர்களை மனதில் வைத்துத்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

இன்ஷூரன்ஸ் வாங்குவது பெரிய வித்தை இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கு மார்க்கெட்பிளேஸில் (அரசாங்கம் நடத்தும் காப்பீட்டுச் சந்தை) 60 நாள் அவகாசம் உண்டு, அதைத் தவறவிட்டால் நவம்பர் 1-இல் திறக்கும் பொதுச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டியதுதான். நியூஜெர்சிக்குத் தனி மார்க்கெட்பிளேஸ் இருக்கிறது, கெட் கவர்ட் நியூஜெர்சி. 2019 முதல் இந்த மாநிலத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் இருந்தால் மாநில வரியில் தண்டமும் விழும். வாங்காமல் தள்ளிப்போடவே கூடாது.

சரி, இப்போது நண்பர் கதைக்கு வருகிறேன். அவரும் இன்னொருவரும் சேர்ந்து மாவு அரைத்து இந்தியக் கடைகளுக்குப் போடுகிறார்கள். வாடகைக் கிச்சன், பெரிய கிரைண்டர், அதிகாலை நாலு மணிக்கு டெலிவரி வேன் என்று உடம்பைக் கொடுத்து வளர்த்த தொழில். பாதிக்குப் பாதி பங்கு. நண்பருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், குடும்பத்துக்கான பிரீமியம் மாதம் 1,400 டாலர். பாலிசி அவர் பெயரில், கட்டியது அவருடைய சொந்த கிரெடிட் கார்டில். கம்பெனியிலிருந்து மாதாமாதம் தன் பங்குப் பணத்தை எடுப்பார், அதில் கார்டு பில்லைக் கட்டுவார். நமக்கெல்லாம் இதில் எந்தக் குறையும் தெரியாது. ஊரில் மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி வரிப் பிரிவில் என்ன செய்வோம்? ரொக்கமாகக் கட்டாமல் பேங்க் வழியாகக் கட்டியிருக்க வேண்டும், ரசீது இருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான், 25,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். நீங்கள் ஒரு ஃபர்மில் பார்ட்னரா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. அதே மனநிலையில் நண்பர் வருஷத்துக்கு 16,800 டாலர் என்ற மொத்தத் தொகையை அவருடைய சிபிஏ-விடம், அதாவது வரிக் கணக்கரிடம், சொன்னார், அந்த மனிதரும் ஒரு கேள்வி கேட்காமல் 1040-இல் போட்டுவிட்டார்.

அப்புறம் ஐஆர்எஸ் கடிதம் வந்தது. கார்டு ஸ்டேட்மென்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த கட்டண விவரம் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பினார். அவர் பணம் கட்டினாரா என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் கேட்டது வேறு: இந்தக் காப்பீடு உங்கள் தொழிலின் கீழ் ஏற்படுத்தப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? அதற்குக் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. அன்று ராத்திரி அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த கே-1 தாளை விரித்துவைத்துப் பார்த்தோம். லாபப் பங்கு இருந்தது, எடுத்த பணம் இருந்தது, கம்பெனி தனியாகக் கொடுத்த தொகைக்கான 4ஏ பெட்டி காலி, மருத்துவக் காப்பீட்டுத் தொகை வரவேண்டிய 13-ஆவது பெட்டியும் காலி. கழிவு ரத்தானது. 22 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 16,800 டாலரின் வரி 3,696 டாலர், மேலே வட்டி. எத்தனை மூட்டை அரிசி ஊறப்போட்டு அரைத்த காசு அது.

விதி இதுதான். பார்ட்னருடைய பாலிசி கம்பெனி பெயரில் இருக்கலாம், அவர் சொந்தப் பெயரிலும் இருக்கலாம், பெயரில் பிரச்சினை இல்லை. ஆனால் பிரீமியத்தைக் கம்பெனி நேராகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கட்டியதைக் கம்பெனி உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். எப்படிச் செய்தாலும் அந்தத் தொகை உங்கள் கே-1-இல் கேரண்டீட் பேமென்டாக, அதாவது உங்கள் வருமானமாக ஏற வேண்டும். வருமானமாக ஏறிய பிறகுதான் அதையே உங்கள் 1040-இல் கழிக்க முடியும். கம்பெனி அதைத் தன் செலவாக எழுதிக்கொள்ளும். இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுப்பதற்கு எதற்கு இத்தனை சுற்று என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் சுற்றுதான் ஐஆர்எஸ்-க்கு ஆதாரம். நண்பர் எடுத்த மாதப் பணமும் அதே கம்பெனியிலிருந்து வந்ததுதான், ஆனால் அது வெறும் பங்குப் பணமாக எழுதப்பட்டதால் பிரீமியத்துக்கும் கம்பெனிக்கும் தொடர்பே இல்லாமல் போய்விட்டது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மாதாமாதம் பிரீமியம் கட்டியதும் அந்த பில்லைக் கம்பெனி ஃபைலில் போடுங்கள். அதே தொகையைச் சில்லறை மாறாமல் கம்பெனி அக்கவுன்டிலிருந்து தனியாக மாற்றிக்கொள்ளுங்கள், பங்குப் பணத்தோடு கலக்காதீர்கள். செக்கின் குறிப்பு வரியில் எந்த மாதப் பிரீமியம் என்று எழுதுங்கள். குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளில் இதற்கென்று ஒரு தனித் தலைப்பு வையுங்கள். எல்லாவற்றையும் டிசம்பர் 31-க்குள் முடித்துவிடுங்கள், மார்ச்சில் உட்கார்ந்து பழைய தேதிக்குக் கணக்கு எழுதுவது தலைவலி. கே-1 கைக்கு வந்ததும் 4ஏ பெட்டியில் அந்தத் தொகை சேர்ந்திருக்கிறதா, 13-ஆவது பெட்டியில் எம் என்ற குறியீட்டோடு மருத்துவக் காப்பீட்டுத் தொகை இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அதன் பிறகு இந்தக் கழிவைக் கணக்கிடும் ஃபார்ம் 7206, அதிலிருந்து 1040-இன் இணைப்பான ஷெட்யூல் 1-இன் 17-ஆவது வரி.

இதில் பார்ட்னர்களுக்குள் மனக்கசப்பு வரும் இடம் ஒன்று உண்டு. நண்பருடைய பார்ட்னருக்கு மனைவியின் ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அவருக்குப் பிரீமியமே இல்லை. கம்பெனி 16,800 டாலரைச் செலவாக எழுதினால் லாபம் அவ்வளவு குறையும், பாதிக்குப் பாதி என்றால் அவர் பங்கிலும் 8,400 போகும். உன் குடும்பத்து இன்ஷூரன்ஸுக்கு நான் ஏன் பாதி கட்ட வேண்டும் என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. வாய்ப்பேச்சாக விடாமல் பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: பிரீமியத்தைக் கம்பெனி திருப்பித் தரும், அந்தச் சுமை யாருடையதோ அவருடைய பங்கில் மட்டும் சரிசெய்யப்படும் என்று. அந்தத் தொகையை அந்த பார்ட்னருக்கு வரவேண்டிய பங்குப் பணத்தில் குறைத்துக் காட்டும் வழியும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் கம்பெனி அதைச் செலவாகக் கழிக்க முடியாது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து சிபிஏ முன்னால் உட்கார்ந்து முடிவெடுங்கள். கூட்டுத் தொழிலில் சினேகிதம் கெடுவது பெரும்பாலும் இப்படி எழுதிவைக்காத சின்ன விஷயங்களால்தான்.

மற்ற நிபந்தனைகளையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ உங்கள் மனைவி அல்லது கணவருக்கோ ஏதாவது ஒரு முதலாளி பங்களிக்கும் இன்ஷூரன்ஸில் நீங்கள் சேர முடியும் என்ற நிலை இருந்தால், சேராமலே விட்டிருந்தாலும் அந்த மாதங்களுக்குக் கழிவு கிடையாது. மாதம் மாதமாகப் பார்ப்பார்கள், அதனால் வீட்டில் யாருக்காவது புது வேலை கிடைத்தால் தேதியைக் குறித்துவையுங்கள். அந்தத் தொழிலில் நீங்கள் சம்பாதித்ததற்கு மேல் கழிக்க முடியாது, நஷ்ட வருஷத்தில் ஒன்றும் கிடைக்காது. சுயதொழில் வரியான 15.3 சதவீதமும் இதனால் குறையாது, குறைவது வருமான வரி மட்டும். மார்க்கெட்பிளேஸில் மானியம் வாங்கினால் மானியம் போக நீங்கள் கட்டியதுதான் கணக்கு. பல், கண் காப்பீடு சேரும். 27 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கான பிரீமியமும் சேரும், அவர்கள் உங்களைச் சார்ந்தவராக இல்லாவிட்டாலும்கூட.

அம்மா அப்பாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஊரில் 80டி-யில் மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 ரூபாய் வரை தனியாக உண்டு. அமெரிக்க வரியிலோ ஊரில் வசிக்கும் பெற்றோர் உங்களைச் சார்ந்தவராகக் கணக்கில் வர மாட்டார்கள், அவர்கள் கோடையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும்போது எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸையும் இதில் சேர்க்க முடியாது. நாம் அனுப்பும் பணத்தில்தான் அவர்கள் மருந்து வாங்குகிறார்கள் என்றாலும் இந்த நாட்டுச் சட்டம் அதைப் பார்ப்பதில்லை, எனக்கு இன்றும் மனம் ஒப்பாத விஷயம் இது. ஆனாலும் விசிட்டர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் அவர்களை விமானம் ஏற்றாதீர்கள், இங்கே ஒரு ராத்திரி எமர்ஜென்சிக்குப் போனாலே பில் தாங்க முடியாது.

சிபிஏ-வை அமர்த்தும் முன் முதல் போன்காலிலேயே கேளுங்கள், பார்ட்னருடைய பிரீமியத்தை 1065-இல் எப்படிக் காட்டுவீர்கள் என்று. கேரண்டீட் பேமென்ட், கே-1 என்று அவர் வாயிலிருந்து தானாக வர வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் வருஷக் கடைசியில் சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அவர் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் சரி, நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும் சரி, வேறு ஆளைப் பாருங்கள்.