பக்கத்து மில்லோடு விலையில் மோதாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் சின்ன அரிசி மில் வைத்திருக்கிறீர்கள், அருகில் பெரிய மில் ஒன்று வந்து கிலோவுக்கு 2 ரூபாய் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நீங்களும் குறைக்காதீர்கள். முதலில் கணக்கைப் போடுங்கள்: 100 கிலோ நெல் அரைத்தால் சுமார் 65 கிலோ அரிசிதான் வரும், நெல் விலை, கரண்ட், கூலி, சாக்கு, லாரி வாடகை எல்லாம் கழித்து, தவிடு விற்ற காசைக் கூட்டினால் கிலோவுக்கு என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். பெரிய மில்லுக்கு மூட்டை அதிகம், அதனால் மூட்டைக்கு விழும் செலவு குறைவு. அந்த ஆட்டம் உங்களுடையது இல்லை.

சரி, அப்புறம்? அவர்கள் செய்ய விரும்பாததைப் பிடியுங்கள். மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா, கருப்பு கவுனி என்று சின்னச் சின்ன அளவில் தனித்தனியாகக் காயவைத்து அரைப்பது அவர்களுக்குத் தொல்லை. ஒவ்வொரு ரகம் மாறும்போதும் மெஷினை நிறுத்தி, நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் தங்கிய மணியைக்கூடத் தட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பரிசியில் வெள்ளை கலந்து நிற்கும். உங்களுக்கு அந்தத் தொல்லைதான் தொழில்.

எதை விடப்போகிறோம் என்று எழுதாத திட்டத்தை நான் திட்டமாகவே மதிப்பதில்லை. கேட்டரிங்காரர் மலிவு அரிசி கேட்டு வந்தால் பக்கத்து மில்லைக் காட்டிவிடுங்கள்.

ஆடியிலேயே, சம்பா விதைப்புக்கு முன், விவசாயிகளிடம் ரகம், ஏக்கர், விலை மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள். நெல் கொள்முதலுக்கு ஒருவர், ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஒருவர் எனப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். மாதம் ஒருமுறை, திரும்பி வந்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்.