முதலாம் வருடப் பௌதிகவியலுக்குத் தயாராக: வீட்டில் ஊசல் கட்டி ஜீ அளப்பது எப்படி

உயர்தரப் பெறுபேறு வந்து, பதிவும் முடிந்து, விரிவுரை தொடங்கும்வரை சில வாரங்கள் கையில் இருக்கும். அந்த இடைவெளியில் முதலாம் வருடப் பாடம் முழுவதையும் படித்து முடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரேயொரு பரிசோதனையை, எளிய ஊசலை, வீட்டில் ஒழுங்காகச் செய்து பாருங்கள். உயர்தரத்திலேயே செய்ததுதானே என்று தள்ளிவிட வேண்டாம். பாடசாலையில் ஜீயின், அதாவது புவியீர்ப்பு ஆர்முடுகலின், பெறுமானம் வந்தால் வேலை முடிந்தது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அந்தப் பெறுமானத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்பார்கள். புள்ளி அங்கேதான் இருக்கிறது.

திருகோணமலையிலுள்ள கோணேசபுரி வளாகத்துக்குப் போகிறவரும் சரி, யாழ்ப்பாணம், பேராதனை என்று வெளியூர் போகிறவரும் சரி, தொடக்கத்தில் இடறும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றே: ஆங்கிலத்தில் வரும் சொற்கள், பௌதிகவியலுக்குள் வந்துவிடும் வகையீடு, அளவீட்டின் வழு. மூன்றும் இந்த ஊசலுக்குள் அடங்கும்.

படி 1: சொல் அட்டவணை

ஒரு கொப்பியில் மூன்று நிரல்கள் போடுங்கள். முதலாவதில் நாம் பாடசாலையில் படித்த சொல், இரண்டாவதில் ஆங்கிலச் சொல், மூன்றாவதில் தமிழ்நாட்டுக் காணொளிகளில் வரும் சொல். மூன்றாவது நிரல் எதற்கு என்று தோன்றலாம். விளங்காத பாடத்துக்கு முதலில் தேடிப் பார்ப்பது தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளைத்தான். அவை நல்லவை. ஆனால் சில சொற்கள் அங்கே ஒரு பொருளும் இங்கே வேறொரு பொருளும் தருகின்றன.

நமக்குத் திணிவு என்றால் மாஸ், நிறை என்றால் வெயிற். அங்கே மாஸ்தான் நிறை. வெயிற் என்பது எடை. நமக்கு வேகம் என்றால் வெலோசிற்றி, கதி என்றால் ஸ்பீட். அங்கே ஸ்பீட்தான் வேகம், வெலோசிற்றி திசைவேகம். அமுக்கம் என்று நாம் சொல்வதை அவர்கள் அழுத்தம் என்கிறார்கள். நமக்கோ அழுத்தம் என்றவுடன் அழுத்த சக்திதான் நினைவுக்கு வரும். ஆர்முடுகல் அங்கே முடுக்கம், சக்தி அங்கே ஆற்றல், வலு அங்கே திறன். நிறை, வேகம், அழுத்தம் மூன்றையும் சிவப்பு மையில் எழுதுங்கள். தெரியாத சொல்லைத் தேடிப் பார்ப்போம். தெரிந்த சொல் வேறு பொருளில் வந்தால் கவனிக்காமலே கடந்துவிடுவோம்.

இன்னொன்று. வழு என்ற ஒரே சொல்லை நாம் பல இடங்களில் பயன்படுத்திப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் எரர் என்பது உண்மைப் பெறுமானத்திலிருந்து விலகிய அளவு. அன்சேர்ட்டன்ற்றி என்பது உங்கள் அளவீடு எந்த எல்லைக்குள் நம்பத்தக்கது என்பது. இரண்டாவதை இங்கே நிச்சயமின்மை என்றே எழுதுகிறோம்.

படி 2: கட்டுவது

தேவையானவை: 0.3 அல்லது 0.4 மில்லிமீற்றர் தங்கூசி (மீன்பிடி நைலோன் இழை) ஒன்றரை மீற்றர், 50 முதல் 100 கிராம் வரையான ஒரு ஈயக்குண்டு, தட்டையான இரண்டு மரத்துண்டுகள், ஒரு இடுக்கி, உருக்கு அளவுநாடா, கைபேசியின் நிறுத்தற் கடிகாரம். முதல் இரண்டும் திருமலையில் மீன்பிடிச் சாமான் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஈயத்தைத் தொட்டபின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

தையல் நூல் வேண்டாம். அதன் முறுக்கு அவிழ அவிழக் குண்டு சுழன்றுகொண்டே இருக்கும். தங்கூசி சுழலாது, ஆனால் பாரம் ஏறினால் நீளும். 50 கிராமுக்கே மீற்றருக்கு ஓரிரு மில்லிமீற்றர் நீளும் என்பதால் மேசையில் வைத்து அளந்த நீளம் பயன்படாது. சுருள் நிமிர, ஒரு இரவு குண்டோடு தொங்கவிட்டுக் காலையில், தொங்கும் நிலையிலேயே அளவுங்கள்.

மேல் நுனியை ஆணியில் முடிந்து கட்ட வேண்டாம். ஊசல் ஆடும்போது தங்கூசி ஆணியைச் சற்றுச் சுற்றும். எந்தப் புள்ளியிலிருந்து நீளத்தை அளப்பது என்றே தெரியாது. இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கினால் அவற்றின் கீழ் விளிம்புதான் தொங்கற் புள்ளி. இறுக்கிய மரத்துண்டுகளை அசையாத மேசை விளிம்பில் அல்லது சுவரில் பொருத்துங்கள். தாங்கி தானும் சேர்ந்து ஆடினால் அலைவுகாலம் கூடி ஜீ குறைவாக வரும்.

தையற்காரரின் துணி நாடாவும் வேண்டாம். பழைய நாடா இழுபட்டு நீண்டிருந்தால் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். உருக்கு நாடாவிலும் முன் கொக்கி சற்று அசையும். 10 சென்ரிமீற்றர் குறியிலிருந்து தொடங்கி, பிறகு 10ஐக் கழியுங்கள்.

படி 3: சமன்பாட்டை நீங்களே வருவியுங்கள்

சூத்திரத்தை மனனம் செய்து போவதற்கும் வருவித்துப் போவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் முதல் வாரத்திலேயே தெரியவரும். குண்டை மீட்கும் விசை, திணிவு × ஜீ × சைன் கோணம். அது தொடலி வழியான ஆர்முடுகலைத் தருகிறது. அந்த ஆர்முடுகல், நீளம் × கோணத்தின் இரண்டாம் வகையீடு. இரு பக்கத்திலும் திணிவு வெட்டுப்பட்டுப் போகும். மிஞ்சுவது: கோணத்தின் இரண்டாம் வகையீடு = −(ஜீ ÷ நீளம்) × சைன் கோணம்.

இதுதான் நீங்கள் சந்திக்கும் முதல் வகையீட்டுச் சமன்பாடாக இருக்கக்கூடும். இணைந்த கணிதம் படித்தவருக்கு வகையீடு புதிதல்ல. உயர்தரப் பௌதிகவியல் தாளில் அது தேவைப்படாததால் இரண்டையும் ஒட்டிப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. கோணம் சிறியதானால் சைன் கோணத்துக்குப் பதிலாகக் கோணத்தையே வைக்கலாம், ஆனால் ஆரையனில் மட்டும். 5 பாகை என்பது 0.0873 ஆரையன், அதன் சைன் 0.0872. அப்படி வைத்தவுடன் எளிமை இசை இயக்கம் வந்துவிடும்:

அலைவுகாலம்² = (4பை² ÷ ஜீ) × நீளம்

சிறிய கோணம் என்றால் எவ்வளவு சிறியது? கோணம் கூடினால் உண்மையான அலைவுகாலம் சூத்திரம் சொல்வதை விட ஏறத்தாழ கோணவர்க்கம் ÷ 16 என்ற பின்னத்தால் கூடும். 5 பாகைக்கு அது 0.05 சதவீதம், 10 பாகைக்கு 0.19, 30 பாகைக்கு 1.7. ஜீயில் இது இரட்டிப்பாகும். 30 பாகையில் ஆட்டினால் ஜீ 3 சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும். 1 மீற்றர் ஊசலில் 5 பாகை என்பது 9 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 5 சென்ரிமீற்றர் மட்டும் இழுத்து விடுங்கள். அது 3 பாகை.

கணிப்பானையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதியில்லாததால் பலருக்குப் பாகை நிலை, ஆரையன் நிலை இரண்டையும் மாற்றும் கைப்பழக்கம் இருக்காது. சைன் 5 என்று அடித்து −0.959 வந்தால் கணிப்பான் ஆரையனில் நிற்கிறது.

படி 4: நேரம் எடுப்பது

மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் வீசும் மாதங்களில் ஜன்னலையும் சாத்த வேண்டும். அல்லது அதிகாலையில் செய்யுங்கள். ஊசலுக்குப் பின்னால் சுவரில், குண்டு ஓய்ந்து நிற்கும் இடத்துக்கு நேரே ஒரு பென்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டைக் குண்டு ஒரே திசையில் கடக்கும்போது கடிகாரத்தைத் தட்டுங்கள். ஓரத்தில் அது நின்று திரும்புவதால் எப்போது திரும்பியது என்று கண்ணால் பிடிக்க முடியாது. நடுவில்தான் வேகம் கூட.

முதல் தட்டலில் "பூச்சியம்" என்று சொல்லுங்கள். "ஒன்று" என்று தொடங்கினால் நீங்கள் 20 என்று நினைப்பது 19 அலைவுகள். அப்போது ஜீ 10.8 என வரும். அந்த எண்ணைக் கண்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இறுக்கிய விளிம்பிலிருந்து குண்டின் மேல் முனைவரை தங்கூசியின் நீளத்தை 40, 60, 80, 100, 120 சென்ரிமீற்றர் என்று ஐந்து தடவை மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 அலைவுகள், மூன்று முறை. கொப்பியில் பேனையால், எடுத்த நேரத்தை அப்படியே எழுதுங்கள். 20ஆல் வகுப்பதைப் பிறகு செய்யலாம். பிழையாக எடுத்ததை அழிக்காமல் ஒரு கோட்டால் வெட்டி, ஏன் வெட்டினீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள்.

விடும்போது விரல் பக்கவாட்டில் தள்ளினால் குண்டு நீள்வட்டமாகச் சுற்றும். மேலிருந்து பார்த்து, அப்படிச் சுற்றினால் நிறுத்தி மறுபடி விடுங்கள்.

படி 5: வரைபு

ஈயக்குண்டின் திணிவு மையம் எங்கே என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. முட்டை வடிவக் குண்டானால் இன்னும் மோசம். ஒரே ஒரு வாசிப்பிலிருந்து ஜீயைக் கணித்தால் இந்த அறியாமை அப்படியே விடைக்குள் போய்விடும். மையம் மேல் முனையிலிருந்து 1.5 சென்ரிமீற்றர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 40 சென்ரிமீற்றரில் 20 அலைவுகளுக்கு 25.89 செக்கன் எடுக்கும். அதில் நீளத்தை 0.40 என்று போட்டால் ஜீ 9.43. 120 சென்ரிமீற்றரில் 44.29 செக்கன், நீளத்தை 1.20 என்று போட்டால் 9.66. ஒரே ஊசல், இரண்டு ஜீ.

வரைபு போட்டால் இந்தச் சிக்கல் தீரும். கிடை அச்சில் தங்கூசியின் நீளம், நிலை அச்சில் அலைவுகாலத்தின் வர்க்கம். தெரியாத அந்த 1.5 சென்ரிமீற்றர் கோட்டை முழுதாக மேலே தூக்குமே தவிரப் படித்திறனைத் தொடாது. மேலே சொன்ன இரண்டு புள்ளிகளையும் எடுங்கள்: வர்க்கங்கள் 1.676, 4.904, வித்தியாசம் 3.228, அதை 0.80 மீற்றரால் வகுக்க 4.035. 4பை², அதாவது 39.48ஐ அதனால் வகுத்தால் ஜீ 9.78. கோடு நிலை அச்சை வெட்டும் இடம் ஏறத்தாழ 0.06, அதைப் படித்திறனால் வகுத்தால் 0.015 மீற்றர், உங்கள் குண்டின் மையம். கோட்டை உற்பத்திப் புள்ளி வழியாக வலிந்து இழுக்காதீர்கள். பாடசாலைப் பழக்கத்தில் பலர் செய்யும் தவறு அது. செய்தால் இந்த முறையின் பயன் முழுவதும் போய்விடும்.

படி 6: எவ்வளவு நம்பலாம்

100 சென்ரிமீற்றரில் மூன்று நேரங்கள் 40.41, 40.55, 40.48 என்று வந்தால் சராசரி 40.48, பரம்பல் இரு பக்கமும் 0.07. அது 0.17 சதவீதம், வர்க்கத்தில் இரட்டித்து 0.35. நீளத்தில் 1 மில்லிமீற்றர் என்பது 0.1 சதவீதம். உயர்தரத்தில் இரண்டையும் நேரே கூட்டியிருப்போம். பல்கலைக்கழகத்தில், ஒன்றையொன்று சாராத நிச்சயமின்மைகளை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள்; இரண்டும் ஒரே பக்கமாக உச்சத்துக்குப் போவது அரிது என்பதால். வருவது 0.36 சதவீதம். மையத்தின் இடம் வரைபிலிருந்து தெரிந்துவிட்டது என்று கொண்டால், இந்த ஒரு நீளம் தரும் விடை 9.78 ± 0.04. கைபேசி நூறில் ஒரு செக்கன்வரை காட்டுகிறது என்பதற்காக 9.7814 என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை.

இப்போது அந்த 9.78ஐப் பாருங்கள். வினாத்தாளில் 10, புத்தகத்தில் 9.81. திருகோணமலை 8.6 பாகை வட அகலாங்கில், கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. இங்கே ஜீ 9.78தான். 9.81 என்பது நடு அகலாங்குகளுக்குரிய எண். மத்திய கோட்டில் 9.780, முனைவில் 9.832. பூமி சுழல்வதும், நடுவில் பருத்திருப்பதும் சேர்ந்து இந்த வித்தியாசத்தைத் தருகின்றன. ஆகவே 9.78 எடுத்துவிட்டு 9.81 உடன் ஒப்பிட்டு "வழு 0.3 சதவீதம்" என்று எழுதுபவர், சரியான விடையைப் பிழை என்று எழுதுகிறார். 9.81 வரும்வரை வாசிப்பைத் திருத்துபவர் செய்வது அதைவிடக் கெட்டது. தயவுசெய்து முதல் நாளிலிருந்தே அதைச் செய்யாதீர்கள்.

± 0.04 இருக்கும்வரை உங்கள் ஊசலால் 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய வேண்டுமானால் 100 அலைவுகள் எடுங்கள். கை தட்டும் தவறு அதே 0.07 செக்கன்தான், ஆனால் நேரம் 202 செக்கனாகிவிடுவதால் வர்க்கத்தின் நிச்சயமின்மை 0.07 சதவீதமாகச் சுருங்கும். இனி நீளத்தின் 1 மில்லிமீற்றர்தான் பெரிய குற்றவாளி. மொத்தம் ± 0.012. ஐந்து நீளங்களுக்கும் 100 அலைவுகளை மூன்று தடவை எடுக்க ஏறத்தாழ முக்கால் மணித்தியாலம் ஆகும். எண்ணிக்கை தவறாமல் இருக்க, ஒருவர் எண்ண மற்றவர் பத்துக்கொரு கோடு போடலாம்.

கடைசியாக ஒரு சோதனை. தங்கூசியின் நீளத்தை மாற்றாமல் இரண்டு மடங்கு பாரமான குண்டைக் கட்டி 100 அலைவுகள் எடுங்கள். சமன்பாட்டில் திணிவு வெட்டுப்பட்டது; ஆகவே நேரம் மாறக்கூடாது. ஆனாலும் சற்றுக் கூடும். பெரிய குண்டின் மையம் இன்னும் கீழே இருக்கிறது, தங்கூசியும் இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க, நாடாவால் நீளத்தை மறுபடி அளந்து, புதிய குண்டுக்கு இரண்டாவது கோட்டை அதே வரைபில் வரையுங்கள். இரண்டு கோடுகளும் சமாந்தரமாக வர வேண்டும்.