சீலா மீனைக் கடலடியில் பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாமலைத் தீவுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புதியவர்களை அழைத்துச் செல்கிறேன். ஆரம்பத்தில் நான் விட்ட பிழைகளையே அவர்களும் விடுவதைக் கண்டு இதை எழுதுகிறேன். முகக்கண்ணாடியில் ஆவி படிவதையும் சுவாசக் குழாயில் நீர் புகுவதையும் முதல் நாளிலேயே எவரும் சமாளிக்கக் கற்றுக்கொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கலைத்துக்கொண்டு போதல்

இன்றுவரை எனக்குச் சினமூட்டும் தவறு இதுதான். பெருஞ்சீலா பதுங்கி நின்று வேட்டையாடும் மீன். நீண்ட உடலை அசைக்காமல் நீரில் தொங்கியபடி நின்று, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். கனடாவின் ஏரிகளில் வாழும் வடக்குப் பைக் என்னும் நன்னீர் மீனும், இதற்கு நெருங்கிய உறவில்லாதபோதிலும், நீர்த்தாவரங்களுக்கிடையே இவ்வாறே காத்திருக்கும். பின்னால் நீந்துபவரின் காலடிப்பை நீரின் அதிர்வை அறியும் உறுப்பாகிய, உடலின் பக்கக்கோட்டினால் உணரும் சீலா, அவர் நெருங்க நெருங்க அதே இடைவெளியைக் காத்து விலகிச் செல்லும். ஆகவே அவருக்கு வால் மட்டுமே தெரியும்.

என் முதலாவது பருவத்தில், ஒரு மீற்றருக்குக் குறையாத சீலா ஒன்றை அவ்வாறு கலைத்துக்கொண்டு போனபோது, என் கால் துடுப்பு கொம்புப் பவளத்தில் இடித்து ஒரு கிளை முறிந்தது. 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் இடத்தில், மங்கலான ஒரு வாலின் படத்துக்காக அந்தக் கிளையை இழந்தோம். மீனும் திரும்பி வராததால், என்னுடன் வந்தவர்கள் அதைப் பார்க்காமலே கரைக்குத் திரும்பினர். "தம்பி, அதைக் கலைக்காதையும். சும்மா மிதவும், அது தானா வரும்" என்று படகோட்டி ஐயா புறப்படும்போதே சொல்லியிருந்தார். அவர் சொன்னது முற்றிலும் சரி: சீலாவுக்கு ஆர்வம் அதிகம்; அசையாமல் கிடப்பவரைப் பார்க்க அதுவே அருகில் வந்து, பக்கவாட்டில் திரும்பி, தன் முழு நீளத்தையும் காட்டும். இதை எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும், மீனைக் கண்ட கணத்தில் எவராவது ஒருவர் காலை உதைத்துப் பாய்ந்துவிடுகிறார்.

வாயைக் கண்டு அஞ்சுதல்

பற்கள் தெரிய அது வாயைத் திறந்து மூடுவது மிரட்டல் அன்று. செவுள்களுக்கு நீரைச் செலுத்திச் சுவாசிக்கிறது. அச்சத்தில் கைகால்களை அடித்துக்கொள்வதே உண்மையான ஆபத்து, ஏனெனில் அடிபட்ட மீனும் அவ்வாறுதான் துடிக்கும்.

நகை

கரையிலேயே கழற்றிவிடுங்கள், அதன் மினுக்கம் சிறுமீனின் செதிலை ஒத்தது.

ஃபிளாஷ்

வெள்ளி விலா கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடித்து, படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக விழும். ஆழம் குறைந்த இடத்தில் அதை அணைத்துவிட்டு, சூரியனை உங்கள் முதுகுப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரை போடுதல்

ஒருபோதும் கூடாது.

மாதம்

மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து நீர் கலங்கிவிடுவதால், பக்கத்தில் நிற்கும் சீலாவைக்கூடக் காண முடியாது.