நுனாவுட்டில் ஆசிரியர் பணி: புறப்படும் முன் கேட்க வேண்டியவை

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட்டின் 25 ஊர்களுக்கும் தென்பகுதியிலிருந்து சாலை வழி கிடையாது என்பதால், அங்கே ஆசிரியராகச் செல்பவர் சம்பளத் தொகையை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. அரசு ஊழியர் குடியிருப்பு உங்களுக்கு உறுதியாக ஒதுக்கப்பட்டுள்ளதா, வாடகை எவ்வளவு, மின்சாரமும் வெப்பமூட்டும் எண்ணெயும் அதில் அடங்குமா, வேறொருவருடன் பகிர வேண்டியிருக்குமா என்பவற்றை எழுத்து வடிவில் பெறுங்கள். வெளிச்சந்தையில் வாடகை வீடு அநேகமாகக் கிடைக்காது. வேலையை விட்டால் இந்த வீட்டையும் விட வேண்டும்.

பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் லாரியில் வந்து வீட்டுத் தொட்டியில் நிரப்பப்படுகிறது. கழிவுநீரையும் லாரியே உறிஞ்சிச் செல்கிறது. கழிவுத் தொட்டி நிரம்பினால் பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் தானாகவே நின்றுவிடும். ஆகவே துணி துவைக்கும் நாளை லாரி வரும் நாளோடு பொருத்திக்கொள்வது நல்லது.

அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு போன்ற கெடாத பொருள்களைக் கோடையில் மட்டும் வரும் சரக்குக் கப்பலில், ஓராண்டுக்குச் சேர்த்து அனுப்பினால் கணிசமாக மிச்சமாகும். விமானத்தில் வரும் பாலும் காய்கறியும் அரசு மானியத்துக்குப் பிறகும் விலை கூடியவைதான்.

தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர், வருமான வரிக் கணக்கில் டி2222 படிவத்தின் வழியே வடபகுதிவாசிகளுக்கான வரிக் கழிவை (வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து குறைக்கப்படும் தொகை) கோரலாம். நாளொன்றுக்கு 11 டாலர். வீட்டில் வேறு எவரும் கோராவிட்டால் 22 டாலர். புதிதாக வருபவர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.