பாண்டாஸ், பான்ஸ் ஆய்வுக் கட்டுரைகளைப் பெற்றோர் படிப்பது எப்படி?

நன்றாக இருந்த பிள்ளை ஓரிரு நாளுக்குள் கை கழுவிக்கொண்டே இருக்கிறது, சாப்பாட்டைத் தொட மறுக்கிறது, அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்று அழுகிறது. சில வாரம் முன்பு தொண்டை வலி வந்திருக்கலாம். இணையத்தில் தேடினால், குழந்தைகளுக்குத் திடீரென வரும் இப்படிப்பட்ட மனநல, நரம்பியல் மாற்றங்களுக்கான பாண்டாஸ், பான்ஸ் என்ற இரண்டு பெயர்களும் உடனே வந்து நிற்கும். ஒருவர் "ஐவிஐஜி (தானம் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்து நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் மருந்து) ஏற்றினால் அறிகுறி 62 சதவீதம் குறைகிறது" என்பார், இன்னொருவர் "ஐவிஐஜி பலன் தரவில்லை என்று ஆய்விலேயே வந்துவிட்டது" என்பார். இரண்டு பேரும் ஒரே கட்டுரையைத்தான் சொல்கிறார்கள். அது எப்படி என்பது படி 4-இல் வரும்.

அதற்கு முன் ஒன்று. வலிப்பு, நினைவு மங்குதல், பேச்சு நின்றுபோதல், வாயும் முகமும் தானாகக் கோணுதல், தண்ணீர்கூடக் குடிக்காத நிலை, சாவைப் பற்றிய பேச்சு இவற்றில் எது இருந்தாலும் படிப்பை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். உடலின் எதிர்ப்பொருளே மூளையைத் தாக்கும் என்எம்டிஏ ஏற்பி மூளையழற்சி என்ற நோயும் நடத்தை மாற்றமாகவே தொடங்கக்கூடும். அதற்கு முதுகுத் தண்டு நீரில் செய்யும் உறுதியான பரிசோதனை உண்டு. சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்கினால் பலனும் அதிகம்.

படி 1: பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

பாண்டாஸ் (Pediatric Autoimmune Neuropsychiatric Disorders Associated with Streptococcal Infections) என்பது 1998-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் சூசன் ஸ்வீடோ குழு 50 குழந்தைகளை வைத்து விவரித்தது. ஓசிடி (விடாமல் வரும் எண்ணமும் அதனால் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும்) அல்லது டிக் (தானாக வரும் திடீர் அசைவு அல்லது ஒலி), 3 வயதுக்கும் பருவமடைவதற்கும் இடையில் தொடக்கம், திடீரென ஏறி இறங்கும் போக்கு, தொண்டை வலி தரும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்ட்ரெப்) கிருமித் தொற்றுடன் கால ஒற்றுமை, நரம்பியல் அறிகுறிகள் ஆகியவை அதன் அளவுகோல்கள். 2012-இல் வந்த பான்ஸ் (Pediatric Acute-onset Neuropsychiatric Syndrome) வரையறையில் தொற்று கட்டாயமில்லை. திடீர் ஓசிடி அல்லது கடுமையான உணவு மறுப்பு இருக்க வேண்டும். கூடவே பதற்றம், மனநிலை ஊசலாட்டம், எரிச்சல், சின்னக் குழந்தைபோல் பின்வாங்குதல், படிப்பில் சரிவு, புலன் அல்லது அசைவுக் கோளாறு, தூக்க அல்லது சிறுநீர்ச் சிக்கல் என்ற ஏழில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வேறு நோயால் இவற்றை விளக்க முடியாது என்றும் ஆக வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ருமாட்டிக் காய்ச்சல் இன்னும் ஒழியாத நம் நாட்டில், கை கால் தானாகத் துள்ளினால் முதலில் ருமாட்டிக் காய்ச்சலோடு வரும் அசைவுக் கோளாறான சிடன்ஹாம் கொரியாவைத்தான் நினைக்க வேண்டும். அது ஸ்ட்ரெப் தொற்றுக்குப் பின் வருவது என்பதில் சர்ச்சை இல்லை. இதயத்துக்கு எக்கோ எடுக்க வேண்டும், பென்சிலின் ஊசியும் நீண்ட காலம் தொடர வேண்டியிருக்கும். இதைப் பான்ஸ் என்று நினைத்துத் தவறவிட்டால் இதய வால்வு கெடக்கூடும்.

படி 2: தேடுவது

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். சுருக்கப் பெயரை மட்டும் போட்டால் கரடிகளும் சமையல் பாத்திரங்களும் வந்து குவியும். படி 1-இல் உள்ள முழு ஆங்கிலப் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, இடப்பக்க வடிகட்டியில் 'ரேண்டமைஸ்டு' (யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யும்) சோதனைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். இந்தத் துறையில் நல்ல சோதனைகள் அவ்வளவு குறைவு.

படி 3: யாரை, எதோடு, எதை வைத்து, எவ்வளவு நாள்

ஒரு தாளில் நான்கு பத்தி போட்டு இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதுங்கள். எந்தக் குழந்தைகள், எத்தனை பேர்? ஒப்பிட்ட குழுவுக்கு என்ன கொடுத்தார்கள்? எந்த அளவுகோல்? எத்தனை வாரம்? முடிவுரையை முதலில் படிக்காதீர்கள், படித்துவிட்டால் எண்களும் அதையே சொல்வதுபோலத் தோன்றும். விடை கிடைக்காத பத்தியைக் காலியாகவே விடுங்கள், கட்டுரை எங்கே பலவீனம் என்பதை அந்தக் காலியிடம் காட்டிக்கொடுக்கும்.

படி 4: ஒரு கட்டுரையைக் கணக்கோடு பிரித்துப் பார்ப்போம்

2016-இல் வில்லியம்ஸ் குழு வெளியிட்ட ஐவிஐஜி சோதனை. 35 குழந்தைகளில் 17 பேருக்கு மருந்து, 18 பேருக்குப் போலி மருந்து (ஒப்பிடுவதற்காக ஏற்றும், மருந்து இல்லாத திரவம்). யாருக்கு எது என்பது குடும்பத்துக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. எடையில் கிலோவுக்கு 1 கிராம் வீதம் இரண்டு நாள். 20 கிலோ குழந்தைக்கு மொத்தம் 40 கிராம்.

அளவுகோல் சி-ஒய்பாக்ஸ், குழந்தையின் ஓசிடி எவ்வளவு கடுமை என்பதை அளப்பது; எண் கூடினால் கடுமை அதிகம். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. ஆறு வார முடிவில் மருந்துக் குழுவில் சராசரியாக 24 சதவீதமும் போலி மருந்துக் குழுவில் 12 சதவீதமும் குறைந்தது. "இரண்டு மடங்கு பலன்!" என்று தலைப்புப் போட இதுவே போதும். 26 மதிப்பெண்ணில் தொடங்கிய பிள்ளையை வைத்துக் கணக்குப் போடுங்கள். மருந்தில் ஏறக்குறைய 20, போலியில் ஏறக்குறைய 23. வித்தியாசம் 3 மதிப்பெண். 'குணம் தெரிந்தது' என்று எண்ணப்பட்டவர்கள் மருந்துக் குழுவில் 6 பேர், போலியில் 4 பேர். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம்.

அந்த 62 எங்கிருந்து வந்தது? ஆறாவது வாரத்துக்குப் பிறகு, முன்னேறாத 24 பேருக்கு இது மருந்துதான் என்று சொல்லியே ஐவிஐஜி கொடுத்தார்கள். பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது தொடக்கத்திலிருந்து 12-ஆம் வாரத்தில் 55, 24-ஆம் வாரத்தில் 62 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் இந்தக் கட்டத்தில் ஒப்பிடப் போலி மருந்துக் குழு இல்லை. ஏறி இறங்கும் இயல்புடைய நோயில், மிக மோசமான நேரத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் ஆறு மாதத்தில் ஓரளவு தானாகவே தணிவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கைதான் தள்ளியதா என்பதை ஒப்பீட்டுக் குழு இருந்தால்தான் சொல்ல முடியும்.

இதை வைத்து "மருந்து வேலை செய்யாது" என்று முடிவு கட்டுவதும் தவறு. 35 பேர் என்பது நடுத்தரமான பலனைக்கூடத் தவறவிடக்கூடிய சின்ன எண்ணிக்கை. 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சோதனையில் ஐவிஐஜியும் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும் ஒரு மாதத்தில் தெளிவான பலன் காட்டின. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 30 பேர்தான். பிளாஸ்மா மாற்றம் யாருக்கு நடக்கிறது என்பதை மறைக்கவும் முடியவில்லை.

படி 5: ரத்தப் பரிசோதனைச் சீட்டு

அதிகம் பேர் ஏமாறுவது ஏஎஸ்ஓ எண்ணில், அதாவது ஸ்ட்ரெப் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஓர் எதிர்ப்பொருளின் அளவில். தொற்றுக்குப் பின் அது 3 முதல் 5 வாரத்தில் உச்சம் தொட்டு, இறங்க மாதக்கணக்கில் ஆகும். அதே கிருமிக்கு எதிரான இன்னொன்றான டிஎன்ஏஸ்-பி எதிர்ப்பொருள் உச்சம் தொடுவது 6 முதல் 8 வாரத்தில். ஒரே ஒரு 'அதிகம்' என்ற முடிவு, எப்போதோ தொற்று வந்து போனதைத்தான் சொல்லும். சில வாரம் விட்டு அதே ஆய்வகத்தில் மறுபடி எடுத்து, எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் பொருளுள்ளது. தொண்டையில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கும் ஸ்வாப் பரிசோதனையிலும் இதே சிக்கல் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லாத பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய 12 சதவீதம் பேர் தொண்டையில் இந்தக் கிருமியைச் சும்மா சுமக்கிறார்கள்.

இந்த நோயைக் காட்டும் என்று சொல்லப்படும் கன்னிங்ஹாம் பேனல் என்ற விலை கூடிய ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் படிப்பீர்கள். 2017-இல் ஸ்வீடனில் செய்த ஆய்வில் ஆரோக்கியமானவர்கள் பலருக்கும் அதில் 'இயல்புக்கு மேல்' என்று வந்தது. ரத்தம் எடுத்த குழாய் சரியில்லை என்று எதிர்வாதமும் எழுந்தது. இந்த நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் நிலைப்பாடு.

படி 6: டாக்டரிடம் கொண்டுபோவது

கட்டுரைக் கட்டு வேண்டாம், ஒரே பக்கம் போதும். மாற்றம் தொடங்கிய தேதி (ஒரு நாளிலா, ஒரு மாதத்திலா என்பது முக்கியம்), முந்தைய இரண்டு மாதக் காய்ச்சல், தொண்டை வலி, கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயரும் நாட்களும், எடை, தூக்கம், ஒரு நாளில் எத்தனை முறை கை கழுவுகிறது என்ற எண்ணிக்கை. எழுத்து மாறியிருந்தால் பழைய நோட்டையும் புதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். சடங்குபோல் செய்வதை 30 விநாடி போனில் பதிவு செய்தால் போதும்.

ஸ்ட்ரெப் உறுதியானால் வழக்கமான பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் கோர்ஸ் 10 நாள், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாதக்கணக்கில் தொடர்வதா, ஸ்டீராய்டு தருவதா என்பதில்தான் மருத்துவர்கள் பிரிகிறார்கள். வீட்டில் மீந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். ஓசிடிக்கான நடத்தைச் சிகிச்சையை நோய்க்காரணம் தெளியும்வரை ஒத்திப்போட வேண்டியதில்லை, காரணம் எதுவானாலும் அதைத் தொடங்கலாம். ஐவிஐஜி என்று பேச்சு வந்தால் கேட்க வேண்டியவை: எந்த அளவுகோலில் எவ்வளவு குறைந்தால் பலன் என்று எடுத்துக்கொள்வீர்கள், எத்தனை வாரத்தில் பார்ப்பீர்கள், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள், ஏற்றிய பின் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது.