ஓட்டக்காரரை பாயின்ட் கார்டு ஆக்காதீர்கள்: ஃபாஸ்ட் பிரேக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருச்சி என்று டெல்டாவில் எந்த ஊரில் இன்டர் காலேஜ் கூடைப்பந்து நடந்தாலும் இதைப் பார்க்கலாம். எதிரணி தற்காப்புக்குத் திரும்புவதற்குள் ஓடிப்போய் கூடை போடுவதுதான் ஃபாஸ்ட் பிரேக். ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறித்த பந்து, கிடைத்ததும் பெஞ்சிலிருந்து “ஓடுடா, ஓடு” என்று சத்தம் கிளம்பும். ஆட்டத்தை நடத்துகிற பாயின்ட் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டே ஒரே மூச்சில் அந்தக் கோடிக்குப் போவார். அங்கே இரண்டு பேர் நிற்பார்கள், மூன்றாவது ஆள் பின்னாலேயே வந்து சேர்வார். ரிங்குக்குப் பக்கத்தில் போய் அவசரத்தில் போட்ட லேஅப் ரிங்கில் பட்டுத் தெறிக்கும். அப்புறம் எல்லோரும் வந்த வழியே திரும்பி ஓட வேண்டியதுதான்.

கோளாறு ஆள் தேர்விலேயே ஆரம்பிக்கிறது. அத்லெடிக்ஸில் 100 மீட்டர் ஓடுகிற பையனைக் கூப்பிட்டு பாயின்ட் கார்டு ஆக்கிவிடுகிறோம். கோர்ட்டின் நீளமே 28 மீட்டர்தான். எவ்வளவு கால் வேகம் இருந்தாலும், பந்தைத் தட்டிக்கொண்டு போகிறவரை வெறுங்கையோடு ஓடி வருகிறவர் எட்டிப் பிடித்துவிடுவார். நல்ல பாஸை ஓடிப் பிடிக்க யாராலும் ஆகாது. ஓட்டக்காரரை விங்கில், அதாவது கோர்ட்டின் ஓரத்தில், விடுங்கள்; நிமிர்ந்து பார்க்கிற பழக்கம் உள்ளவரிடம் பந்தைக் கொடுங்கள்.

இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்தால் அது அதிர்ஷ்டம். 2009-இல் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆன வட கரோலினா அணியின் டை லாசன் அப்படிப்பட்டவர். ராய் வில்லியம்ஸ் பயிற்சியில் எதிரணி கூடை போட்டாலும் போடாவிட்டாலும் ஓடுகிற அணி அது. மிச்சிகன் ஸ்டேட்டை 89-72 என்று வென்ற இறுதிப் போட்டியில் லாசன் 8 முறை பந்தைப் பறித்தார். அவருடைய வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: அந்த சீசனில் அவர் ஒரு டர்னோவருக்கு (பந்தை எதிரணியிடம் இழப்பது) மூன்றுக்கும் மேல் அசிஸ்ட் (கூடையில் முடிகிற பாஸ்) கொடுத்திருக்கிறார். அவ்வளவு வேகத்திலும் பந்து கைவிட்டுப் போகவில்லை.

அடுத்த தவறு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் அப்போது எல்லோரும் ரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிரணியின் ஷாட் ரிங்கில் பட்டு எழும்பும்போது நம் பாயின்ட் கார்டு எங்கே இருக்கிறார்? அநேகமாக ரிங்குக்குக் கீழே உள்ள பாக்ஸுக்குள், உயரமானவர்களின் முழங்கைகளுக்கு நடுவே. இல்லாவிட்டால் ரீபவுண்ட் எடுத்த சீனியரை நோக்கி “அண்ணே, இங்க இங்க” என்று கையை நீட்டிக்கொண்டு போவார். பந்தை நோக்கிப் போனால் முதுகு எதிர் ரிங் பக்கம் திரும்பிவிடும். வாங்கி, திரும்பி, தலை தூக்கிப் பார்ப்பதற்குள் டிஃபென்ஸ் இறங்கியிருக்கும்.

ரீபவுண்ட் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்க சைடுலைனுக்குப் போக வேண்டும். ஃப்ரீ த்ரோ கோட்டின் நேர், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால். முதுகு சைடுலைனைப் பார்த்து இருக்கட்டும். இப்போது ஒரு தோளுக்கு மேல் ரீபவுண்டர் தெரிவார், மறு தோளுக்கு மேல் எதிர் ரிங் தெரியும். அவுட்லெட் பாஸ், அதாவது ரீபவுண்டர் வெளியே கொடுக்கும் முதல் பாஸ், வருவதற்கு முன்பே ஒரு தடவை தலையைத் திருப்பி, முன்னால் ஓடுவது யார் என்று பார்த்துவிட வேண்டும். அப்படிப் பார்த்தவருக்குப் பல நேரம் டிரிபிளே, அதாவது பந்தைத் தட்டுவதே, தேவைப்படாது. வாங்கிய கையோடு விங்குக்குக் கொடுத்துவிடலாம். ரீபவுண்டருக்கும் இதில் பங்கு உண்டு. பந்தை இடுப்புக்கு இறக்காமல் தாடைக்கு நேரே வைத்து, வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும்.

கூடை வாங்கிவிட்டால் பிரேக் கிடையாது என்று நடந்து வருவது இன்னொன்று. கூடை விழுந்த பிறகு பந்தை உள்ளே எறிகிறவர் எண்ட்லைன் முழுக்க நகரலாம், விதி அனுமதிக்கிறது. வலையிலிருந்து பந்தை எடுப்பவர் இன்னார் என்று முன்பே சொல்லிவைத்தால் போதும். அரைக்கோட்டைத் தாண்ட 8 விநாடி இருக்கிறதே என்று அவ்வளவையும் செலவழித்தால், ஷாட் போடக் கையில் உள்ள 24 விநாடியில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விடும்.

மூன்றுக்கு இரண்டு என்று ஆள் கணக்கு கிடைத்தும் கோட்டை விடுவதுதான் வயிற்றெரிச்சல். நடுவில் வரும் பாயின்ட் கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டி உள்ளே போனால் இரண்டு டிஃபென்டர்களும் தாங்கள் நின்ற இடத்திலிருந்தே மூன்று பேரையும் சமாளித்துவிடுவார்கள். இரண்டுக்கு ஒன்றில் வேறு மாதிரி: ரிங்குக்கே போவது போல நேராகப் போங்கள், அந்த ஒருவர் உங்கள் மேல் வந்த பிறகு பாஸ் கொடுங்கள். அவர் வருவதற்கு முன்பே கொடுத்தால் அவர் பாஸோடு சேர்ந்து நகர்ந்துவிடுவார். குதித்துவிட்டு, காற்றில் இருந்தபடி யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுவது மகா தப்பு. டிஃபென்டர் விலகாமல் நின்றால் சார்ஜ் (அவர் மேல் மோதிய ஃபவுல்), விலகினால் டர்னோவர்.

நம் ஊர்த் தரையையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஓரங்களில் பாசி பிடித்திருக்கும். அறுவடைக் காலத்தில் அதே தரையில் நெல் காயப்போட்டிருந்தால் உமித்தூசு ஒட்டியிருக்கும். முழு வேகத்தில் வந்து சடாரென்று நின்றால் ஷூ வழுக்கும். இரண்டு டிரிபிளுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முட்டியை மடக்கி நிற்கப் பழக வேண்டும். வார்ம்அப்பின்போதே ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒரு முறை நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

வழி அடைபட்டுவிட்டது என்று தெரிந்ததும் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்று, செட் ப்ளேக்கு, அதாவது முன்பே பழகிய ஆட்டத் திட்டத்துக்கு, விரல் காட்டுவதும் அவசரம்தான். பின்னால் வரும் உயரமானவர், அதாவது டிரெய்லர், இன்னும் வந்து சேரவில்லை. இறங்கிய டிஃபென்டர்கள் எல்லோரும் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரைப் பிடிக்க ஆள் இருக்காது. இரண்டு விநாடி டிரிபிளைத் தக்கவைத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த பாஸ் கிடைக்கும்.

இவ்வளவையும் ஆளில்லாத கோர்ட்டில் ஐந்து பேரை ஓடவிட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. எதிரில் ஆள் இல்லாதபோது எந்த முடிவும் சரியாகத்தான் தெரியும். மூன்றுக்கு இரண்டு வையுங்கள், மூன்றாவது டிஃபென்டரை அரைக்கோட்டிலிருந்து துரத்த விடுங்கள். பாயின்ட் கார்டு அரைக்கோட்டைத் தாண்டிய பிறகு இரண்டு டிரிபிளுக்கு மேல் தட்டினால் பந்து எதிர்ப்பக்கத்துக்கு என்று விதி போடுங்கள். முதல் வாரம் பந்து கண்ட இடத்துக்குப் பறக்கும், பிசிக்கல் டைரக்டருக்குக் கோபம் வரும். வரட்டும், விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.